பட்டக்காரரும் கொடிக்காரரும்

எங்கள் டீமில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு இத்தாலியர் சேர்ந்தார். மிலான் பக்கத்து ஆள். முதல் வீடியோ மீட்டிங்கில் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, அவருடைய குடும்பப்பெயரைச் சரியாக உச்சரிக்க நான் மூன்று முறை முயன்று தோற்றேன். கொன்ஃபலோனியேரி. அவர் சிரித்துவிட்டு, "கொடி தூக்குறவன்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ரிலீஸ் பற்றிப் பேசினார்கள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு கொடி எப்படி ஒரு குடும்பத்துக்குப் பெயராக முடியும்?

நான் 2020இல் லாக்டவுன் சமயத்தில் மூட்டை முடிச்சோடு ஏற்காட்டுக்கு வந்தவன். வேலை லேப்டாப்பில், மற்ற நேரமெல்லாம் பழைய கெசட்டியரும் கல்வெட்டுத் தொகுதிகளும். வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். மலையாளி சமூகத்தவர். (கேரளம் இல்லை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைகளில் வாழ்கிற பழங்குடி மக்களுக்கு இதுதான் பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள்.) ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். பட்டக்காரர் என்பார்கள்.

அன்று சாயங்காலம் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் இந்த இத்தாலிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கொடி தூக்குனதுக்கே வம்சத்துக்குப் பேரு குடுத்தாங்களா? பரவால்ல. எங்களையுந்தான் பட்டக்காரர்னு சொல்றாங்க. பட்டா எங்க தம்பி?" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு மாதக் குறிப்புகளின் சுருக்கம்.

போர்த்துணி

முதலில் இத்தாலி. கொன்ஃபலோனே என்றால் ஒரு வகைக் கொடி. நம் கட்சிக் கொடி மாதிரி கம்பத்தின் பக்கவாட்டில் கட்டுவதில்லை. கம்பத்தின் குறுக்கே ஒரு சட்டம் வைத்து, அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிடுவார்கள். அடிப்பக்கம் பெரும்பாலும் வால் வாலாக வெட்டியிருக்கும். இத்தாலிய நகராட்சிகள் இன்றும் விழாக்களில் இதைத் தூக்கி வருகின்றன.

சொல்லின் வேர் இத்தாலியம் இல்லை, பழைய ஜெர்மானியம். குண்ட் என்றால் போர், ஃபனோ என்றால் துணி. போர்த்துணி. ஃபிராங்க் மக்களின் சொல் இத்தாலிக்குப் போய் கொன்ஃபலோனே ஆனது, அதைச் சுமப்பவர் கொன்ஃபலோனியேரே ஆனார். குடும்பப்பெயரில் முதல் எழுத்து சி, பதவிப்பெயரில் ஜி. ஆங்கிலத்தில் தேடியபோது இரண்டும் வேறு என்று நினைத்து ஒரு நாள் வீணாக்கினேன். தமிழில் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே 'கொ'தான்!

அந்தக் காலத்துப் போரில் கொடி அலங்காரப் பொருள் இல்லை. தூசிக்கும் இரைச்சலுக்கும் நடுவில் தன் படை எங்கே நிற்கிறது என்று ஒரு வீரனுக்குத் தெரிய ஒரே வழி அந்தத் துணிதான். அது சாய்ந்தால் படை கலைந்துவிடும். மிலான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நகரத்தின் கொடியை மாடுகள் இழுக்கும் பெரிய வண்டியில் நட்டுப் போர்க்களத்துக்கே ஓட்டிப் போனார்கள். காரோச்சோ என்று பெயர். 1176இல் லெஞ்ஞானோ என்ற இடத்தில் ஜெர்மானியப் பேரரசர் ஃபிரடெரிக் பார்பரோசாவை லொம்பார்டிய நகரங்கள் தோற்கடித்த கதையில் இந்த வண்டிக்கும் பெரிய பங்கு உண்டு. நம் ஊர்த் தேர் மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். நிலையை விட்டுக் கிளம்பிய தேரைத் தெருவில் விட்டுவிட்டு ஊர் ஓடிவிட முடியுமா? அதே கணக்குதான்.

ஃபிளாரன்ஸ் நகரில் அந்தக் கொடி ஒரு அரசியல் பதவியாகவே ஆனது. 1293இல் நீதிக்கான கொன்ஃபலோனியேரே என்ற பதவியை உருவாக்கினார்கள். பிற்காலத்தில் நகர ஆட்சிக் குழுவில் எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக, தலைவராக அமர்ந்தவர் இவர்தான். பதவிக்காலம் எவ்வளவு தெரியுமா? இரண்டே மாதம். 1328க்குப் பிறகு, தகுதியுள்ளவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நமக்கு உடனே உத்திரமேரூர் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறை அப்படியே இருக்கிறது. ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கல், குறுகிய பதவிக்காலம்.

இதுபோக நகரத்தின் நான்கு பகுதிகளுக்கும் தலா நான்கு என்று பதினாறு கொடிகள். ஏணி, சிப்பி, சாட்டை, எருது, ஒற்றைக்கொம்புக் குதிரை, வெள்ளைச் சிங்கம், சாவி என்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். "நீ எந்தப் பேட்டை?" என்று கேட்டால் "சிவப்புச் சிங்கம்" என்று பதில் சொல்லும் ஊர்.

பெரிய பதவி பெயராகவில்லை

இங்கேதான் எனக்கு முதல் இடறல். பதவி ஃபிளாரன்ஸில் இவ்வளவு பிரபலம், ஆனால் கொன்ஃபலோனியேரி என்ற பழைய பிரபுக் குடும்பங்களைத் தேடினால் வருவது வடக்கே உள்ள லொம்பார்டியும் அதன் சுற்றுவட்டாரமும். மிலான், பியாசென்சா, பிரேஷியா.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகிற பதவி யாருக்கும் குடும்பப்பெயராக ஒட்டாது. உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் எத்தனையோ பேர் தேர்வாகியிருப்பார்கள். 'வாரியத்தார்' என்று இன்று ஒரு குடும்பப்பெயர் காதில் விழுகிறதா? இல்லை. ஆனால் அப்பனுக்குப் பின் மகன் என்று ஒரே வீட்டில் கொடி தங்கியிருந்தால், ஊர் அந்த வீட்டையே 'கொடிக்காரர் வீடு' என்று சொல்ல ஆரம்பிக்கும். பதவி எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை. அது வாரிசுக்குப் போனதா என்பதுதான் முக்கியம். குடும்பப்பெயர் என்பது பரம்பரை உரிமை விட்டுப்போன தழும்பு என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

உரிமை போன பிறகும் பெயர் தங்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. கொர்ராடோ கொன்ஃபலோனியேரி. 1290 வாக்கில் பியாசென்சா பக்கத்தில் பிறந்த பிரபு. ஒருநாள் வேட்டைக்குப் போனவர், புதரில் பதுங்கிய மிருகத்தை வெளியே விரட்டத் தீ வைக்கச் சொன்னார். காற்று மாறி, தீ வயல்களைத் தின்றுவிட்டது. பழி அங்கே சுள்ளி பொறுக்க வந்த ஒரு ஏழையின் மேல் விழுந்து, அவனுக்கு மரண தண்டனை என்று ஆகிவிட்டது. கடைசி நேரத்தில் கொர்ராடோ முன்வந்து "நான்தான்" என்று ஒத்துக்கொண்டார். நஷ்ட ஈடு கட்டியதில் சொத்தெல்லாம் போனது. துறவியாகி, சிசிலியில் நோட்டோ என்ற ஊர்ப் பக்கம் தனிமையில் வாழ்ந்து 1351இல் இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் அவரைப் புனிதராக வணங்குகிறார்கள். நிலம், குதிரை, கொடி எதுவும் மிஞ்சவில்லை. பெயர் மட்டும் எழுநூறு வருடமாக நிற்கிறது.

பிப்ரவரி, மார்ச்சில் மலைச் சரிவில் தீ பிடிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது. யார் வைத்த தீ, யார் மேல் பழி என்பது எந்த ஊரிலும் பழைய கேள்விதான்.

நம்மிடம் தேடினால்

சரி, தமிழில் கொடியிலிருந்து வந்த குடும்பப்பெயர் உண்டா? என் தொழில் புத்தி நேராக சர்ச் பாக்ஸுக்குப் போனது. 'கொடி' என்று போட்டதும் வந்து நின்றது கொடிக்கால் வெள்ளாளர். ஆகா, கிடைத்தது என்று துள்ளினேன். ஐந்து நிமிடத்தில் முகம் தொங்கிப்போனது. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அது படர்கிற கொடி, பறக்கிற கொடி இல்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறுவதைத் தினமும் பார்க்கிறவன் செய்கிற தப்பா இது?

தமிழ்நாட்டில் பெயராக மாறியது கொடியைத் தூக்கிய ஆள் இல்லை, கொடியில் இருந்த சின்னம். சேரனுக்கு வில் கொடி, எனவே வில்லவன். பாண்டியனுக்கு மீன் கொடி, எனவே மீனவன். சோழர் காலத்தில் அதிகாரிகளுக்கு வில்லவன் மூவேந்தவேளான், வில்லவராயன் என்றெல்லாம் பட்டங்கள் இருந்தன. வில்லவராயர் என்ற குடும்பப்பெயர் தூத்துக்குடி பரதவர்களிடையே இன்றும் இருக்கிறது. ஆனால் பட்டத்தில் வில் இருக்கிறது என்பதால் அந்த ஆள் சேரர் வாரிசு என்று சொல்லிவிட முடியாது. தோற்ற அரசனின் பெயரை வென்றவன் தன் அதிகாரிக்குப் பட்டமாகக் கொடுப்பது சோழர்களுக்கு சர்வ சாதாரணம்.

நம் மலைக்கே வருவோம். ஏற்காட்டில் யாரிடம் கேட்டாலும், சேர்வராயன் என்றால் சேர அரையன், சேர மன்னன் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். சேர + அரையன், வில் கொடி, மலை உச்சிக் குகையில் கோயில். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சேர்வை என்று ஒரு சொல் இருக்கிறது, சேர்வைராயன் என்றும் பிரிக்கலாம். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஒரு ராஜ்யத்தையே கட்டுவது, வேரியபிள் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு புரோகிராமும் ஒன்று என்று சொல்வது மாதிரி. இதை நான் நம்பிக் கட்டுரை எழுதப் பாதி வரை போனவன் என்பதால் சொல்கிறேன். அந்த ஃபைலை அழித்துவிட்டேன்.

எழினி என்ற திரைச்சீலை

ஒலியை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? பெயரின் பொருள் என்ன என்று அந்தக் காலத்து ஆளே எழுதி வைத்திருந்தால் நம்பலாம். அப்படி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சேர்வராயன் மலையின் வடக்குப் பக்கம் இறங்கினால் தர்மபுரிச் சீமை. பழைய தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் மகன் பொகுட்டெழினி. எழினி என்பது அந்தக் குடியில் திரும்பத் திரும்ப வருகிற பெயர். எழினி என்றால் என்ன? திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகள் வரும். அதே சொல்தான். அதாவது இது துணியின் பெயர்.

இதுவும் வெறும் ஒலி ஒற்றுமையாக இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் போளூர் பக்கத்துத் திருமலையில் இருக்கிறது. அங்கே உள்ள சமணத் தலத்தில் விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் ஒரு கல்வெட்டு விட்டுப் போயிருக்கிறான். 1200ஐ ஒட்டிய காலம். தன் முன்னோனாகிய சேர வம்சத்து எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்களைத் தான் புதுப்பித்ததாகச் சொல்கிறான். செய்தி தமிழிலும் இருக்கிறது, வடமொழியிலும் இருக்கிறது. ஹுல்ட்ஸ் 1890இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது வந்துவிட்டது.

முக்கியமான இடம் அந்த வடமொழிப் பகுதி. எழினி என்ற பெயரை அப்படியே ஒலிபெயர்க்காமல் யவனிகா என்று எழுதியிருக்கிறார்கள். யவனிகா என்றால் வடமொழியில் திரைச்சீலை. விடுகாதழகியன் என்ற பெயரையும் விடவில்லை, தொங்கும் காதால் அழகு பெற்றவன் என்ற பொருள் வரும்படி மொழிபெயர்த்துவிட்டார்கள். 'கொன்ஃபலோனியேரி' என்ற பெயரை நான் 'கொடிக்காரர்' என்று எழுதினால் எப்படியோ அப்படி.

இதிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். எழினி என்ற பெயர் முதலில் எப்படி வந்திருந்தாலும் சரி, 1200 வாக்கில் அந்தக் குடும்பத்தின் கல்வெட்டை எழுதியவர் அதைத் துணியின் பெயராகத்தான் புரிந்துகொண்டார். சங்ககாலத்துக்கும் அவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. பழைய தகடூர் அரசு போய், சோழருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசாக ஆன பிறகும் பெயரை விடவில்லை. கொர்ராடோவுக்கு நடந்ததேதான்.

பட்டம் என்றால்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பட்டக்காரர்.

மலையாளிகளின் வாய்மொழிக் கதைப்படி காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கிளம்பினார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு வந்தான், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள். சேர்வராயன் மலையில் சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகள். பட்டக்காரர், மூப்பன், கங்காணி என்று பரம்பரைப் பதவிகள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அதற்கு முன்பே லெ ஃபனு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டிலும் இந்த மக்களைப் பற்றிய செய்திகள் உண்டு. கீழே கொங்குச் சீமையிலும் பட்டக்காரர்கள் உண்டு. காங்கேயம் மாடு என்றாலே பழையகோட்டைப் பட்டக்காரர் பெயர்தான் முதலில் வரும்.

பட்டம் என்றால் பதவிப்பெயர் என்று நமக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை எடுத்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெட்டிக்கடையே இருக்கிறது. சிறப்புக்கு அடையாளமாக நெற்றியில் கட்டும் பொன் தகடு, பதவிப்பெயர், ஆட்சி, பிள்ளைகள் விடும் காற்றாடி, சீலை, பெருங்கொடி. ஆம், கொடி! சர்ச் பாக்ஸில் 'கொடி' என்று தேடி நான் தோற்ற விஷயம், 'பட்டம்' என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

வடமொழியில் பட்ட என்றால் துணி, துணிப்பட்டை, தலைக்கட்டு, பலகை, தகடு. பட்டுத்துணியின் பட்டும் அதே வழிதான். (வேர் வடமொழியா, தமிழா என்று ஒரு சண்டை உண்டு. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.) நெற்றியில் கட்டிய துணி பின்னால் பொன் தகடானது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கி அளவு கொடுத்திருக்கிறார். அரசனின் பட்டம் நடுவில் எட்டு விரல் அகலம், அரசிக்கு ஏழு, இளவரசனுக்கு ஆறு, சேனாபதிக்கு நான்கு, அரசன் தயவு காட்டிக் கொடுக்கும் பட்டம் இரண்டு விரல். அரசனுடையதில் ஐந்து முடிகள், அரசிக்கும் இளவரசனுக்கும் மூன்று, சேனாபதிக்கு ஒன்று, தயவுப் பட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. நெற்றியைப் பார்த்தே ஆளின் இடம் தெரிந்துவிடும். பட்டம் கட்டுதல், பட்டாபிஷேகம், பட்டத்தரசி, பட்டத்து யானை எல்லாம் இந்தத் துணித்துண்டின் சந்ததி.

இன்றும் கோயில்களில் மரியாதைக்குரியவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள். (வட்டமும் பட்டமும் ஒலி ஒத்துப்போகிறது என்று இங்கேயும் துள்ள வேண்டாம். பழக்கத்தை மட்டும் பார்ப்போம்.) யாருக்கு முதலில் கட்டுவது என்று அடிதடி வரை போன ஊர்கள் எத்தனை! அந்தத் துணியின் விலை என்ன இருக்கும்? லெஞ்ஞானோவில் மாட்டு வண்டியில் நின்ற கொடிக்கும் துணி விலை என்ன இருந்திருக்கும்?

இத்தாலியில் துணியைக் கம்பத்தில் கட்டினார்கள், இங்கே தலையில் கட்டினார்கள். இரண்டு இடத்திலும் அது பரம்பரையாக ஒரே வீட்டில் தங்கியபோது பெயராகிவிட்டது. போர்த்துணிக்காரர், பட்டக்காரர்.

பட்டா எங்கே

அதே பட்ட என்ற சொல், பலகை, தகடு என்ற பொருளிலிருந்து எழுதிக் கொடுத்த பத்திரம் என்ற பொருளுக்கும் போனது. வடக்கே பட்டா ஆகி, உருது வழியாக வருவாய்த்துறை மொழியில் ஏறி, நம்மிடம் திரும்பி வந்தது. அதற்கும் நம் சேலத்துக்கும் நெருங்கிய உறவு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. இடைத்தரகர் இல்லாமல் உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் வடிவம் எடுத்தது. அதன் உயிர்நாடி பட்டா. நிலம் யாருடையது என்று ஊர் சொன்னால் போதும் என்ற காலம் போய், காகிதம் சொல்ல வேண்டும் என்ற காலம் வந்தது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் வந்தன. எஸ்டேட் என்றாலே எல்லையும் காகிதமும்தான். மலையாளிகளிடம் இருந்தது வழக்கமும் பட்டக்காரர் வாய்ச்சொல்லும். இரண்டும் மோதினால் அலுவலக மேசையில் எது நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டக்காரர், பட்டதாரி, பட்டாதாரர். மூன்றிலும் தலை ஒன்றே, அந்தத் துணித்துண்டு. வால் மட்டும் வேறு. 'தாரி' வடமொழி, 'தார்' பாரசீகம். முதலாமவருக்கு ஊர் கட்டியது, இரண்டாமவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது, மூன்றாமவருக்கு அரசாங்கம் எழுதியது. பி.இ. முடித்த நானும் சொல் கணக்கில் ஒரு கொடிக்காரன்தான்!

இதைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய பேரன் சேலத்தில் பி.எஸ்சி. முடித்தவன், அவனும் இருந்தான். பெரியவர் உழுகிற ஒன்றரை ஏக்கர் இன்னும் அவருடைய சித்தப்பா பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பா இறந்து முப்பது வருடத்துக்கு மேல். வாரிசுச் சான்று, பழைய ரசீது, மறுபடி மனு என்று எத்தனையோ நடை நடந்துவிட்டார்.

"அப்ப நான் பட்டக்காரன், இவன் பட்டதாரி. இன்னொண்ணு மட்டும் பாக்கி" என்றார்.

"ஐயா, உங்களுக்குப் பட்டம் கட்டுனாங்களா? துணி ஏதாச்சும்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா போனப்ப உருமா கட்டுனாங்க. எல்லா வூட்லயும் கட்டுறதுதான். அந்தத் துண்டு நஞ்சி போச்சு தம்பி. பேரு மட்டும் நஞ்சி போகல."

ஒரு விஷயத்தை நான் மறைக்கக்கூடாது. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்று என்பதால் பட்டக்காரருக்குப் பட்டா கிடைத்துவிட வேண்டும் என்று நான் வாதம் செய்ய முடியாது. சேர்வராயனைச் சேர அரையன் ஆக்குவதற்கு எப்படிச் சொல்லின் ஒலி போதாதோ, அப்படியே நிலத்துக்குச் சொல்லின் வேர் போதாது. அதற்குச் சாட்சியும் ரசீதும் வேண்டும். ஆனால் பெயரைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. ஒரு காலத்தில் இந்த வீட்டின் வாய்ச்சொல்லே ஊருக்குப் பத்திரமாக இருந்திருக்கிறது. இன்று அந்த வீடு இன்னொருவர் வாய்ச்சொல்லுக்காக வரிசையில் நிற்கிறது. மிலானில் இருக்கும் என் சக ஊழியருக்குத் தன் பெயர் ஒரு சுவாரசியமான தகவல். அதற்குமேல் அவர் அதிலிருந்து எதுவும் எதிர்பார்ப்பதில்லை. பெரியவர் நிலை அப்படி இல்லை.

போன வாரம் பேரனும் நானும் உட்கார்ந்து மனுவை மறுபடி எழுதினோம். பழைய கிஸ்தி ரசீதுகளை ஸ்கேன் செய்து தேதி வாரியாக அடுக்கினோம். என் ஆராய்ச்சியால் உருப்படியாக நடந்த காரியம் இது ஒன்றுதான் என்று வீட்டில் சொன்னார்கள். பெயர் எழுதும் இடத்தில் பேரன் தாத்தா பெயருக்கு முன்னால் 'பட்டக்காரர்' என்று போட்டான். பெரியவர் பார்த்துவிட்டு, "அத எடுத்துடு, ஆதார்ல அப்படி இல்ல. அதுக்கு ஒருக்கா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

எடுத்துவிட்டோம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது. அதற்குள் ஏதாவது பதில் வந்தால் எழுதுகிறேன்.